வாசகர் கேள்வி – பதில்: மன்னர் முன் ஞானியர்

கேள்வி: யாங்கூனில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபரின் தர்காவுக்குச் சென்றபோது, உடன் வந்த பெரியவர் ஒருவர், பாரசீகப் புலவர்கள் அரசரைப் புகழ்ந்தே பிழைத்தவர்கள் என்றார். அக்கவிதைகளில் வரும் ஞானிகளும் அப்படித்தான் பேசுகிறார்களா?
– வாசகி, மோல்மீன்

பதில்: பெரியவர் சொன்னது பாதி உண்மை. கஸீதா என்னும் புகழ்ப்பா பரிசிலை நம்பிப் பிறந்தது. 1862-இல் ரங்கூனில் காவலில் இறந்த ஸஃபரும், தில்லி அரியணையில் இருந்தவரை, அத்தகைய பாக்களைக் கேட்டவர்தாம். கதைப்பாடல்களில் வரும் ஞானிகளின் பேச்சோ வேறு வகையானது.

பாரசீகப் புலவர் ஃபிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா என்னும் மன்னர் காவியத்தில், அறிஞர் புஸுர்க்மிஹ்ர் பழைய பாரசீக மன்னன் நூஷிர்வானை வாழ்த்திய பிறகே அறிவுரைக்கு வருகிறார். அதே மன்னன் அவரைச் சிறையிலிட்டு, நிலைமை எப்படி என்று ஆளனுப்பிக் கேட்கும்போது, தம் நாள் மன்னனின் நாளைவிட நன்றாகவே கழிகிறது என்று விடை அனுப்புகிறார். சினந்த மன்னன் சிறையைக் கொடிதாக்குகிறான், விடை மாறவில்லை.

இன்னொரு பாரசீகப் புலவர் நிஜாமியின் கதையில் வரும் அமைச்சர் இன்னும் சாமர்த்தியசாலி. பாழடைந்த ஊரில் இரண்டு ஆந்தைகள் அலறக் கேட்டு, அவை என்ன பேசுகின்றன என்று நூஷிர்வான் வினவ, ஓர் ஆந்தை தன் மகளுக்குப் பரிசமாகப் பாழூர்கள் சிலவற்றைக் கேட்பதாகவும், இம்மன்னன் ஆட்சி நீடித்தால் நூறாயிரம் பாழூர்கள் தருவேன் என்று மற்றது சொல்வதாகவும் அவர் விளக்குகிறார். தம்மை ஆதரித்த மன்னரின் காதில் விழும்படி, என்றோ மறைந்த மன்னனை இடித்துரைப்பது புலவருக்கும் பாதுகாப்பான வழி என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதையும் வேண்டாத துறவிக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. பாரசீகப் புலவர் சஅதி 1258-இல் எழுதிய குலிஸ்தான் என்னும் நூலில், அரசன் கடந்து செல்லும்போது தலை நிமிராத தர்வேஷை அமைச்சர் கடிந்துகொள்கிறார். தன் கொடையை எதிர்பார்ப்பவனிடம் பணிவை எதிர்பார்க்கும்படி அரசனிடம் சொல் என்றும், குடிகளைக் காக்கவே அரசன், அரசனுக்குப் பணியக் குடிகள் இல்லை என்றும் தர்வேஷ் சொல்லி அனுப்புகிறார். நிஜாமியின் கதையில் வரும் சாக்ரடீஸோ சிக்கந்தரிடமே (அலெக்சாந்தரிடமே), ஆசை எனக்கு அடிமை, நீ அந்த அடிமைக்கு அடிமை என்கிறார்.

கேள்வி: நம் சங்கப் புலவரோடு இவர்களை ஒப்பிடலாமா?
– வாசகர், தட்டோன்

பதில்: ஒப்பிடலாம், ஆனால் பிசிராந்தையாருக்கு ஆந்தையும் பழைய மன்னனும் வேண்டியிருக்கவில்லை. வரம்பின்றி வரி கொள்ளும் அரசன், 'யானை புக்க புலம்போலத் தானும் உண்ணான் உலகமும் கெடுமே' என்று, வாழ்ந்துகொண்டிருந்த பாண்டியன் அறிவுடை நம்பிக்கே பாடினார் (புறநானூறு 184). நெருக்கமான ஒற்றுமை குறளில்தான் கிடைக்கிறது. வேந்தரைச் சேர்ந்தொழுகுவோர் 'அகலாது அணுகாது தீக்காய்வார்' போல இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர் (691). அரசரிடம் பணிபுரிவதன் ஆபத்தைப் பேசும் இடத்தில் சஅதியும் நெருப்பையே எடுத்துக்கொண்டு, நூறாண்டுகள் தீ வளர்த்து வழிபட்டவனும் ஒரு கணம் அதில் விழுந்தால் வெந்துபோவான் என்கிறார்.