கேன் நசுங்குகிறது, மூடி நசுங்கவில்லையே?

கேள்வி: குளிர்பானம் குடித்து முடித்த அலுமினியக் கேனை என் பேரனே ஒரு கையால் நசுக்கிவிடுகிறான். மூடி மட்டும் மசியவில்லை. விலையை ஏற்றிவிட்டு, தகட்டை மெலிதாக்கி நம்மை ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை ஐயா. உடலும் மூடியும் ஒரே அலுமினியம் அல்ல. உடலுக்கு 3104 என்ற எண்ணால் குறிக்கப்படும் அலுமினியக் கலவை போன்றது. அதில் மாங்கனீசு ஏறத்தாழ 1 சதவீதம், மக்னீசியமும் அவ்வளவுதான். மூடிக்கு 5182, அதில் மக்னீசியம் 4.5 சதவீதம் வரும். மக்னீசியம் ஏற ஏற உலோகம் விறைக்கும். மூடி தட்டையாக இருந்துகொண்டே காஸின் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே! திறக்கும் வளையத்தைப் பிடித்திருக்கும் ஆணிகூடத் தனியாக அடித்ததில்லை. மூடித் தகட்டையே குமிழாக எழுப்பி நசுக்கியதுதான்.

உடலுக்கும் அதையே போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். சுமார் கால் மில்லிமீட்டர் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, வளைய அச்சுகளுக்குள் நெட்டித் தள்ளி, சுவரை 0.1 மி.மீ. அளவுக்கு இழுக்கிறார்கள். மூடிக் கலவை இந்த இழுப்புக்கு ஒத்துவராது; அச்சில் ஒட்டிக்கொண்டு கீறும், கிழியும். 3104-இல் மாங்கனீசு, அலுமினியத்தோடும் இரும்போடும் சேர்ந்து கடினமான நுண்துகள்களாக இருக்கும். அவை அச்சில் ஒட்டும் அலுமினியத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டே போகும், பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதுபோல. கேன் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது.

இன்னொன்று: கேனின் கழுத்தைச் சுருக்கியிருப்பது அழகுக்காக இல்லை. மூடித் தகடு தடிமன், விலையும் கூடுதல். வட்டம் சிறியதானால் காசு மிச்சம்.

அத்தனை மெல்லிய சுவரை விறைப்பாக நிறுத்துவது உள்ளே இருக்கும் காஸ்தான், காற்றடித்த சைக்கிள் ட்யூப் மாதிரி. ஆகவே கடையில் வாங்கும்போது பக்கவாட்டில் விரலால் அழுத்துங்கள். சோடா, கோலா கேன் கல்லுப்போல இருக்க வேண்டும். குழைந்தால் காஸ் கசிந்திருக்கும். மூடி உப்பியிருந்தாலும், உடலும் மூடியும் சேரும் மடிப்பில் சொட்டை இருந்தாலும் வேண்டாம். நடுச்சுவரில் லேசான சொட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், கேன் வெடிக்கும்.

காலிக் கேனைப் பழைய சாமான் கடையில் போடுமுன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகரம். ஒட்டாவிட்டால் அலுமினிய விலை கேளுங்கள். இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.