பை-ஹோல் வைத்த வீட்டில் நெட் மக்கர் செய்தால்: கேள்வி பதில்

வீடு முழுக்க விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல், ஆட்கார்டு ஹோம் ஆகிய மென்பொருள்களை, பெரும்பாலும் ராஸ்பெர்ரி பை ('பை') என்ற கையடக்கக் கணினியில் வைத்திருக்கும் நம்மூர் ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ்; வீட்டில் அந்த வேலையைப் பை-ஹோல் ஏற்றுக்கொண்டு, விளம்பரத் தளங்களுக்கு மட்டும் சரியான எண்ணைச் சொல்லாமல் விடும். முதலில் எல்லோருக்கும் ஒரே சோதனை. நெட் போய்விட்டது என்று தோன்றினால் 1.1.1.1 என்ற எண்ணுக்கு (கிளவுட்ஃபிளேரின் பொது டிஎன்எஸ் சர்வர்) ஒரு பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சோதனை, கொடுங்கள். பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. வராவிட்டால் பெரும்பாலும் லைனில்தான் கோளாறு, பை-ஹோலைத் திட்டிப் பயனில்லை.

திருமங்கலம்: அண்ணே, பாதி விளம்பரம் நிற்கிறது, பாதி வருகிறது. ரூட்டரில் முதல் டிஎன்எஸ் பை-ஹோல், இரண்டாவது 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்). பை நின்றுபோனால் கைகொடுக்கும் என்று போட்டேன்.

ஓட்டையே அதுதான் தம்பி. முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்பது என்று எல்லாக் கருவிகளும் நடந்துகொள்வதில்லை. சில இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், சில வேகமாகப் பதில் சொன்னதையே பிடித்துக்கொள்ளும். 8.8.8.8-ஐ எடுத்துவிடுங்கள். மாற்று வேண்டும் என்றால் இன்னொரு பை-ஹோல்தான் வைக்க வேண்டும். அப்படியும் விளம்பரம் கசிந்தால் ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) பக்கம் பாருங்கள். ரூட்டர் தன்னையே ஐபிவி6 டிஎன்எஸ் என்று வீடு முழுக்க அறிவித்துக்கொண்டிருக்கும்.

உசிலம்பட்டி: ஒரு வாரம் ஊரில் இல்லை, மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்தோம். வந்து போட்டால் வைஃபை வருகிறது, பையும் ஓடுகிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. ராஸ்பெர்ரி பை 3, டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியா என்று அதன் கையெழுத்தைச் சரிபார்ப்பது) போட்டிருக்கிறேன்.

இது நல்ல கேள்வி. பை 3-இல் கடிகார பேட்டரி கிடையாது. ஓடும்போது அவ்வப்போது நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி போட்டதும் கடைசிக் குறிப்பிலிருந்தே எண்ணத் தொடங்கும். உங்கள் பை இன்னும் போன வாரத்திலேயே இருக்கிறது. டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்கு 'இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை' என்று ஒரு கெடு உண்டு. பையின் கணக்கில் அவை இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் போலி என்று தள்ளிவிடுகிறது. சரி, நேரத்தைத் திருத்தலாம் என்றால் நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்கவும் டிஎன்எஸ் வேண்டும். அந்தக் கேள்வியைப் பை தன்னிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இப்போதைக்கு எஸ்எஸ்எச்சில் (வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழி) போய் 'டேட்' என்று அடித்துத் தேதியைப் பாருங்கள், கையாலேயே திருத்துங்கள். நிரந்தரமாக: பை தன் சொந்தத் தேவைக்கு மட்டும் வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும்படி வையுங்கள், அல்லது நேர சர்வரைப் பெயருக்குப் பதில் ஐபி எண்ணாகக் கொடுங்கள். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று மாட்டினால் தொல்லை தீர்ந்தது. அப்புறம், பல வீடுகளில் ரூட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், பை சாதா பிளக்கில் தொங்கும். கரண்ட் போனதும் டிஎன்எஸ்ஸும் போய்விடும். இரண்டையும் ஒரே லைனில் வையுங்கள், எஸ்டி கார்டும் பிழைக்கும்.

கே.கே. நகர்: மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தனி ரூட்டர் கொடுத்திருக்கிறோம் சார். சாயங்காலம் ஆனால் அவர்களுக்கு மட்டும் நெட் விட்டு விட்டு வருகிறது.

மாடி ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், டிவி எல்லாம் பை-ஹோலுக்கு ஒரே ஐபியாகத் தெரிகின்றன. ஓர் ஐபி 60 நொடியில் 1000 கேள்விக்கு மேல் கேட்டால் பை-ஹோல் கதவைச் சாத்திவிடும், அதுதான் அதன் வழக்கமான வரம்பு. வரம்பை ஏற்றலாம். ஆனால் மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக (வைஃபை மட்டும் கொடுத்து, ஐபி கொடுக்கும் வேலையைக் கீழ் ரூட்டருக்கே விடுவது) மாற்றுவதே மேல். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஐபி வரும், யார் வீட்டு டிவி இரவெல்லாம் அரற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மேலூர்: அம்மா போனில் மட்டும் விளம்பரம் நிற்கவில்லை.

ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் யாராவது ஒரு சர்வர் பெயரை எழுதி வைத்திருந்தால் போன் பை-ஹோலைத் திரும்பியும் பார்க்காது. ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். குரோமில் செக்யூர் டிஎன்எஸ்ஸையும் ஒரு பார்வை பாருங்கள், அதுவும் பை-ஹோலைத் தாண்டி வெளியே கேட்கக்கூடும்.

வாடிப்பட்டி: யூடியூப் விளம்பரம்?

நிற்காது. வீடியோ வரும் அதே டொமைனிலிருந்து அதுவும் வருகிறது.

அண்ணா நகர்: பணம் கட்டும் பக்கம் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. தடுப்புப் பட்டியலையே நீக்கிவிடட்டுமா அண்ணே?

வேண்டாம்மா. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பை-ஹோலின் குவெரி லாகை (யார் எந்த டொமைனைக் கேட்டார்கள் என்ற பதிவு) பாருங்கள். அந்த நிமிடத்தில் தடுக்கப்பட்டதாகக் காட்டும் டொமைன்களை ஒவ்வொன்றாக அனுமதித்துப் பாருங்கள், எது போதுமோ அதோடு நிறுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலையெல்லாம் அள்ளிப் போட்டவர்களுக்குத்தான் இந்த வேலை அடிக்கடி வரும். கூடவே வரும் ஒரு பட்டியலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பேன்.

விளாங்குடி: வெளியே போகும்போதும் வீட்டு பை-ஹோல் வேண்டும். ரூட்டரில் 53-ஆம் போர்ட்டை (டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசல்) திறந்துவிடலாமா?

கூடவே கூடாது. திறந்த டிஎன்எஸ்ஸைத் தேடிப்பிடித்து, அதை வைத்து அடுத்தவர் சர்வரைத் தாக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். வயர்கார்டு (வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குள் பாதுகாப்பாக வரும் விபிஎன்) போட்டு அதன் வழியாக வாருங்கள். உங்கள் இணைப்புக்குத் தனிப் பொது ஐபி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் வான் ஐபி (இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த எண்) 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை) இருக்கிறீர்கள், ஐபிவி4-இல் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது.