ஹன்யாங், சியோல், சேனே

வணக்கம் சார். அம்மாவும் நானும் கொரியத் தொடர்கள் விடாமல் பார்ப்போம். அரசர் காலத்துக் கதைகளில் தலைநகரை ‘ஹன்யாங்’ என்கிறார்கள். அதுதான் இன்றைய சியோல் என்று படித்தேன். ஜப்பான்காரர்கள் ஆண்டபோது ஊர்ப்பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

ஜப்பானியர் மாற்றியதும் உண்டு. ஆனால் பெரிய வேலையை, அவர்கள் வருவதற்கு 1150 வருடம் முன்பே கொரிய அரசர் ஒருவர் முடித்துவிட்டார். சில்லா நாட்டை ஆண்ட கியோங்தொக், 757இல் ஊர்ப்பெயர்களைச் சீன பாணியில் இரண்டிரண்டு எழுத்தாக்கினார். அப்போது கொரிய மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. அரசாங்கக் காகிதம் முழுக்கச் சீன எழுத்துதான். தல்குபொல் என்ற ஊர் தேகு ஆனது அப்படித்தான். நீங்கள் சொல்லும் ஹன்யாங்கும் அவர் காலத்துப் பெயரே.

தேகுவை அதோடு விடவில்லை. அதன் ‘கு’ எழுத்து கன்பூசியஸின் இயற்பெயர். மகானின் பெயரை ஊருக்கு வைத்துப் புழங்கலாமா என்று 1750இல் உள்ளூர்ப் பண்டிதர் ஒருவர் அரசருக்கு மனுப் போட்டார். அரசர் தள்ளிவிட்டார். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து மாறிப்போனது, அதே ஓசையுள்ள வேறொன்றாக. கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது!

ஜப்பானியர் சியோலை கியோங்சோங் ஆக்கினார்கள். அவர்கள் வாயில் அது கெய்ஜோ. 1914இல் நிர்வாக வசதிக்காகப் பல ஊர்களை ஒட்டினார்கள். சியோலில் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் இன்சாதோங் பகுதி அப்படிப் பிறந்ததுதான். குவானின்பாங்கிலிருந்து ‘இன்’, தேசாதோங்கிலிருந்து ‘சா’. கேட்டால் ஏதோ பழம்பெயர் போலத் தோன்றும், குமாஸ்தா மேஜையில் வெட்டி ஒட்டியது.

‘சியோல்’ என்றால் தலைநகர், அவ்வளவுதான். ஜனங்கள் வெகுகாலமாகப் பேச்சில் சொல்லிவந்ததை 1946இல் அதிகாரப்பூர்வப் பெயராக்கினார்கள். அதற்குச் சீன எழுத்தே கிடையாது. அதனால் சீனர்கள், ஹன்யாங்கின் மறுபெயரான ஹன்சோங்கைத் தங்கள் உச்சரிப்பில் ஹன்செங் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005இல் சியோல் நகராட்சியே ‘ஷோவ்-அர்’ என்று ஓசைக்கேற்ற எழுத்துகளைத் தேர்ந்து கொடுத்தது.

எனக்குப் பிடித்தது மெட்ரோ கதை. சியோலின் இரண்டாம் தடத்தில் சின்சோன், சின்சொன் என்று இரண்டு நிலையங்கள். எழுதும்போதே எனக்குக் கை தடுமாறுகிறது. முன்னது புது ஊர், பின்னது புது ஓடை. வழக்கமாக இங்கே போக வேண்டியவர் அங்கே இறங்குவார். 2016 டிசம்பரில் பின்னதை ‘ஜம்சில்-சேனே’ ஆக்கினார்கள். ஜம்சில் அந்தப் பகுதியின் பெயர். சேனே என்றாலும் புது ஓடைதான், ஆனால் சுத்தக் கொரியச் சொல். ஓடையின் ஆதிப்பெயரே அதுதான். அதைச் சீனத்தில் பெயர்த்தபோதுதான் சின்சொன் வந்தது.

ஆஹ்யோன், ஏஓகே என்று நடக்கிற தூரத்தில் இன்னொரு ஜோடி நிலையங்கள் உண்டு. இரண்டும் ஒரே மேட்டின் பெயர்: ஒன்று சீன எழுத்தில், மற்றது கொரியத்தில். அங்கே மட்டும் யாரும் கை வைக்கவில்லை.