நோட்.ஜேஎஸ்ஸின் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க் ஓரளவு தெரியும், சர்வர் பக்கம் ஆழமாகப் போக அடுத்து எந்த ஃபிரேம்வொர்க் படிக்கலாம்?

இப்போதைக்கு இன்னொரு ஃபிரேம்வொர்க் வேண்டாம். எக்ஸ்பிரஸையும் ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, நோடுடன் வரும் ஹெச்டிடிபி மாட்யூலை மட்டும் வைத்து ஒரு வருகைப் பதிவேடு எழுதிப் பாருங்கள். பெயர், செய்தி, ஒரு சேமி பட்டன், அவ்வளவு போதும்.

சேமித்ததும் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். ‘மறுபடி அனுப்பவா?’ என்று பிரவுசர் கேட்கும். சரி என்றால் அதே செய்தி இரண்டாவது முறையும் பதிவாகிவிடும், ஏனென்றால் பிரவுசர் திரும்பச் செய்வது படிவத்தை அனுப்பிய அந்த போஸ்ட் கோரிக்கையைத்தான். இதுவே பணம் கட்டும் பக்கமாக இருந்தால்? சேமித்த கையோடு பக்கத்தைக் காட்டாமல், ‘வேறு முகவரிக்குப் போ’ என்று சொல்லும் 303 என்ற பதிலையும், அந்த முகவரியைத் தரும் லொக்கேஷன் ஹெடரையும் அனுப்புங்கள். பிரவுசர், பக்கத்தை வெறுமனே கேட்கும் கெட் கோரிக்கையாக அந்த முகவரிக்குப் போய்விடும். பிறகு எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் பதிவு ஒன்றுதான்.

அப்புறம் லாகின். ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. முந்தைய கோரிக்கையை அனுப்பியது யார் என்று அதற்குத் தெரியாது. பிரவுசரிடம் குக்கியைக் கொடுத்துவைக்கும் செட்-குக்கி ஹெடரை என் கையாலேயே எழுதிய அன்றுதான் செஷன், அதாவது வந்திருப்பது யார் என்று சர்வர் நினைவில் வைக்கும் முறை, எனக்கு உண்மையில் புரிந்தது. குக்கியில் யூகிக்க முடியாத ஒரு ரேண்டம் சரத்தை மட்டும் வையுங்கள், மற்ற விவரமெல்லாம் சர்வரில் இருக்கட்டும்.

டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல்லை நேரடியாகவே எழுதுங்கள். பயனர் தட்டியதை மட்டும் குவெரியோடு ஒட்டாதீர்கள்; எப்போதும் பாராமீட்டராகவே, அதாவது குவெரியிலிருந்து தனி மதிப்பாகவே, கொடுங்கள்.