சண்டைக்குப் பயந்து மறைத்த கடன்

கேள்வி: நானும் அவரும் அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொள்ள இருக்கிறோம். பழகத் தொடங்கிய நாட்களில் சண்டையே வந்ததில்லை. இப்போது பணப் பேச்சை எடுத்தாலே மனக்கசப்பு. என் தம்பிக்குப் பணம் கொடுத்ததற்காக ஒருமுறை கோபப்பட்டார். அதன்பின் தம்பி கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல் கிரெடிட் கார்டில் பணம் எடுத்துக் கொடுத்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். பாக்கி என் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் ஆகிவிட்டது. இருவர் பெயரிலும் முதலீட்டுடன் கூடிய காப்பீடு எடுத்தால் ஒற்றுமை கூடும் என்கிறார் முகவர். எடுக்கலாமா?

பதில்: காப்பீட்டைப் பிறகு பார்ப்போம். சாதாரணப் பழக்கம் திருமண எண்ணத்தை நோக்கி நகரும் கட்டத்தில் பிணக்குகள் கூடுவதை 1979-லேயே பிரேக்கர், கெல்லி என்ற உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருவரின் பணமும் சொந்தபந்தமும் பின்னிக்கொள்ளும்போது அது இயல்புதான். உங்களைக் கடனில் தள்ளியது, அந்தச் சண்டைக்குப் பயந்து நீங்கள் பழகிக்கொண்ட மறைப்பு.

சம்பளம் 100 என்றால் பாக்கி 60. மாத வட்டி 3 சதவீதம் என்று கொண்டால் 1.80 வட்டிக்கே போகிறது. பணமாக எடுப்பதற்குத் தனிக் கட்டணம் வேறு. குறைந்தபட்சமாக 5 சதவீதம், அதாவது 3 கட்டினால், அசலில் கழிவது 1.20 மட்டுமே. புதிதாக எதுவும் எடுக்காவிட்டாலும், ஓராண்டில் ஏறத்தாழ 32 கட்டிய பிறகும் 47 மிச்சம் நிற்கும். அதே 60-ஐ ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் தனிநபர் கடனாக மாற்றினால் மாதம் சுமார் 5.40 வீதம் ஓராண்டில் தீர்ந்துவிடும். ஆனால் அவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். காலியான கார்டு தம்பியின் அடுத்த அழைப்பிலேயே மீண்டும் நிரம்பத் தொடங்கும்.

பேச உட்காரும்போது கார்டு அறிக்கையை முன்னால் வைத்து, முதலில் தொகையைச் சொல்லுங்கள். "உங்களுக்கு என் தம்பியைப் பிடிக்காது" என்று தொடங்கினால் பேச்சு தம்பியின் குணத்தைச் சுற்றிப் போய், கடன் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடும். குரல் உயர்ந்தால் அரை மணி நேரம் விலகியிருந்து, அன்றைக்கே மீண்டும் அமருங்கள். தம்பிக்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் அறிந்த ஒரு தொகையை, சம்பளம் 100-இல் 3 என்று வைத்துக்கொள்ளுங்களேன், முடிவு செய்யுங்கள்; அதற்கு மேல் கேட்டால் கலந்து பேசிச் சொல்வதாகத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். ஒருவேளை நீங்கள் அஞ்சுவது வாக்குவாதத்துக்கு மட்டுமல்லாமல் அவருக்கே என்றால், திருமணத் தேதியைத் தள்ளிவைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்; அதைக் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாது.

முகவர் சொல்லும் திட்டம் எதுவும் ஆண்டுக்கு 36 சதவீத வட்டியை ஈடுகட்டாது. கார்டு பாக்கி தீரும்வரை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதன்பின்னும் காப்பீட்டைத் தனியாகவும் முதலீட்டைத் தனியாகவும் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.