வருஷத்துக்கு அரை ஏசிக்கு மேல் வட்டியாகக் கட்டுகிறீர்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறோம். மாடி அறையில் உள்ள ஒன்றரை டன் ஏசி, இன்வெர்ட்டர் இல்லாத பழைய ரகம், வாங்கி 9 வருடம் ஆகிறது. இப்போது வெளி யூனிட் 'உர்'ரென்று இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். தேவகோட்டையில் கடை வைத்திருக்கும் என் மச்சினர், இன்வெர்ட்டர் ஏசி 45,000 ரூபாய்தான், வட்டியில்லாத் தவணையில் கிரெடிட் கார்டில் போட்டுக்கொள்ளலாம், கரன்ட் பில் மிச்சமே இரண்டு வருடத்தில் விலையைக் கொடுத்துவிடும் என்கிறார். சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. கார்டில் ஏற்கெனவே 62,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மினிமம் ட்யூ, அதாவது மாதாமாதம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகையை, தவறாமல் கட்டிவருகிறேன். பழுது பார்க்கவா, புதிது வாங்கவா?

பதில்: 'தவறாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, தவறே அங்கேதான் இருக்கிறது. பர்மா, மலாயா வரை போய் லேவாதேவி செய்த செட்டிநாட்டுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு வட்டிக் கணக்கை என்னிடம் கேட்கிறீர்கள். சரி, போட்டுப் பார்ப்போம்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். 62,000-க்கு 2,170 ரூபாய். வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 390. ஆக 2,560. மினிமம் ட்யூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 3,100. அசலில் குறைவது வெறும் 540 ரூபாய்! வருடத்துக்கு ஏறக்குறைய 30,000 வட்டிக்கே போகிறது. இன்னும் 15,000 சேர்த்தால் மச்சினர் கடை ஏசியே வந்துவிடும். பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் தேய்க்கும் மளிகைச் சாமானுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது இன்னொரு கூத்து.

அதனால் முதல் வேலை, கார்டை அடைப்பது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கி மொத்தத்தையும் கட்டிவிடுங்கள். 10 சதவீதம் என்றாலும் வருட வட்டி 6,200-தான். நகையை வைப்பதா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். 30,000 கணக்கைச் சொல்லிப் பாருங்கள். மாதம் கட்டும் அதே 3,100-ஐ நகைக்கடனில் கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை திரும்பிவிடும். கார்டை அதுவரை பீரோவில் வையுங்கள்.

இனி ஏசி. 'உர்'ரென்று இழுத்து நிற்பது பல நேரம் கெபாசிட்டர் (கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் சின்னப் பாகம்) கோளாறு. சில நூறு ரூபாயில் முடியும். லோ வோல்டேஜாகவும் இருக்கலாம். வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, முதலில் கெபாசிட்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரசரேதான் என்றால் 9 வருட மெஷினில் 14,000 போடாதீர்கள். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் கேஸ் ஆர்-22 என்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்த கேஸையே படிப்படியாக நிறுத்திவருகிறார்கள்.

மச்சினரின் 'இரண்டு வருடம்' கணக்கு கடைக் கணக்கு. இன்வெர்ட்டர் மணிக்கு அரை யூனிட் மிச்சம் செய்யும் என்று வையுங்கள். இரவு 8 மணி நேரம், வருடத்துக்கு 120 நாள்: 480 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 3,840-தான். 45,000 திரும்ப 11 வருடத்துக்கு மேல் ஆகும். வட்டியில்லாத் தவணையிலும் ரொக்கத் தள்ளுபடி போகும், பிராசஸிங் ஃபீஸ் வரும்.

தம்பி குடும்பம் தங்கப்போவது சில நாள். முற்றத்தை ஒட்டிய பட்டாலைக் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் தரை மேல் பாய் விரித்து, ஒரு டேபிள் ஃபேன் வைத்துக் கொடுங்கள். புது ஏசியை, கடன் தீர்ந்தபின், கடையில் கூட்டமில்லாத மார்கழியில் ரொக்கத்துக்குப் பேரம் பேசி வாங்குங்கள். மச்சினர் கோபித்துக்கொண்டால் அப்போது அவர் கடைக்கே போங்கள்.