சூப்பர் க்ளூ விரலில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அது ஆபத்தானதா?

விரல் ஒட்டினால் பயப்பட வேண்டாம், எடுத்துவிடலாம். அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பசை கொட்டினால் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள்.

மும்பை தாராவியில் எங்கள் சித்தப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. லீவு நாளில் நானும் தம்பியும் உதவிக்குப் போவோம். ஒருநாள் ட்யூபை வேகமாக அழுத்தியதில் பசை பலகையில் கொட்டிவிட்டது. தம்பி பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து அழுத்தித் துடைத்தான். சில நொடிகளில் துணி புகைந்தது. "சுடுதுண்ணே!" என்று அலறினான். துணி உள்ளங்கையோடு ஒட்டியிருந்ததால் உதறவும் முடியவில்லை. சித்தப்பா அவன் கையை இழுத்துத் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கினார். கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆனது.

இந்தப் பசை சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருள். ஈரம் பட்டதும் இறுகும், இறுகும்போது சூடாகும். ஒரு துளியில் அந்தச் சூடு தெரியாது. பருத்தி, கம்பளி என்றால் இழை இழையாக ஊறி மொத்தமும் ஒரேயடியாக இறுகும். தோல் வெந்துபோகும். அதனால் பருத்திக் கையுறையும் கூடாது, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். போட்டிருக்கும் துணியில் கொட்டினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்பூன் காம்பை இடையில் நுழைத்து மெதுவாக உருட்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் பசையை இளக்கும். ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கண், வாய்ப் பக்கமும் வேண்டாம்.

கண்ணில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓடுங்கள். இமை ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள். சொட்டு மருந்து என்று நினைத்து இந்தப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. அதனால் மருந்து வைக்கும் இடத்தில் ட்யூபை வைக்கவே கூடாது.

அப்புறம், அதன் ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் குனிந்து ஒட்டுகிறவர் முகத்தருகிலேயே தங்கும். இப்போது சித்தப்பா கதவோரத்தில் பலகையைப் போட்டு, ஆவி வெளியே போகும்படி ஃபேனைத் திருப்பி வைத்துத்தான் ட்யூபையே திறக்கிறார்.